இரைச்சல் இல்லாத பெட்டி

பிள்ளைகளே, “மாமா ஏன் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார்?” என்று அப்பாவிடம் கேட்பீர்கள். தொண்டையில் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். முழுதாகச் சொல்ல வாய் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மாமா, அம்மாவின் தம்பி, அப்போது பஸ் கண்டக்டர். ‘தேனாம்பேட்டை எறங்கு’ என்று அவன் குரல் கொடுத்தால் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்துவிடுவான். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும், படுக்கை காலியானதும் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். உங்களில் மூத்தவள் அப்போது அம்மா வயிற்றில். பெயர் வைக்கும்போது தாய்மாமன்தான் குழந்தையை மடியில் வைத்து, காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம் அது.

“ஆணுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு, ரெண்டு பேரையும் டேப்புல சொல்லிடறேன் மாமா. எது பொறக்குதோ அத்தப் போட்டுவுடு” என்றான், அக்கா புருஷனான என்னிடம்.

தி.நகரில் ரேடியோ ரிப்பேர் கடையில் எனக்கு வேலை. முதலாளியிடம் டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கினேன். மைக்கின் சன்னமான ஓசையைப் பெரிதாக்கும் பெட்டியை மயிலாப்பூர் வீட்டில் நானே செய்தேன். பதிந்ததைப் போட்டதும் ‘ஙொய்’ என்று கரண்ட் இரைச்சல். அதற்கு அடியில் எங்கோ அவன்.

“இன்னா மாமா, பேசறது நானா, கரண்ட் கம்பமா? கொயந்த பயந்துடும், அயிச்சுடு.” சிரித்தான், இருமினான், அவனே அழித்தான்.

அந்த இரைச்சலை அடக்க ஒரு ரெகுலேட்டர் செய்தேன். ஏறி இறங்கும் மின்சாரத்தை ஒரே அளவில் பிடித்துக் கொடுக்கும் சின்னச் சுற்று அது. ‘ஙொய்’ போயிற்று. ஆனால் அளவைப் பிடித்து நிறுத்துகிற ஜீனர் டயோடு தானே ‘உஸ்’ என்று இரையும். இதைச் செய்து முடிப்பதற்குள் அவன் குரலும் தேய்ந்து வெறும் ‘உஸ்’ ஆகியிருந்தது. டேப்பில் எது ஜீனர், எது அவன் என்று பிரிக்க முடியவில்லை.

“இதுல நான் எங்க கீறேன், காட்டு பார்க்கலாம்” என்றான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அதையும் அழித்துவிட்டான்.

இரைச்சலை வடிகட்ட ஜீனருக்குப் பின்னால் ஒரு ரெசிஸ்டரும் பெரிய கண்டென்சரும் போட்டேன். ‘உஸ்’ அடங்கியது. அவனைக் கூப்பிட ஓடினேன். அவன் வீடு பூட்டியிருந்தது.

“காலைலயே ஆஸ்பத்திரி ஆள் வந்து கூட்டிக்கினு பூட்டாங்களே” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

வீட்டுக்குத் திரும்பி, பெட்டியையும் டேப் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவனை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

பெயர் வைக்கிற அன்று மூத்தவளை அவன் மடியில் வைத்தோம். குனிந்து, காதருகே மூன்று முறை உதட்டை அசைத்தான். ஒரு சத்தமும் இல்லை. கழுத்தில் கட்டியிருந்த துணி மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது. உங்கள் அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு பெட்டியைப் போட்டு, அதோடு இணைத்த ஸ்பீக்கரில் காதை வைத்தேன். துளிச் சத்தம் இல்லை. ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கி ரெகுலேட்டரைக் கழற்றினேன். பழையபடி வயரை நேராக இணைத்தேன். ‘ஙொய்’ திரும்பி வந்தது. அன்று போல அதற்கு அடியில் ஏதாவது கேட்கிறதா என்று காதை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.