ஏசுவதற்கு ஆள் உள்ள ஊர்

குளியலறைத் தராசில் ஏறும்போது ஆனந்தராசா பெட்டியைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொள்வார். பிறகு பெட்டியை இறக்கிவிட்டுத் தனியே ஏறுவார். கழித்துப் பார்த்து, ஒரு தூரிகையை வெளியே எடுப்பார். மனம் கேளாமல் அதையே திரும்ப உள்ளே வைப்பார். பயணம் மாசியில். இந்தச் சடங்கு ஐப்பசியிலேயே தொடங்கிவிடும்.

"ஆபிரிக்கா எங்கையும் ஓடிப்போகாது," என்பார் மனைவி சிவநேசம், கதவுக்கு வெளியே நின்று. "முதல்லை குளிக்க விடுங்கோ."

மொன்றியல் நகரின் லாசாலில் யன்னல் செய்யும் ஆலையில் வேலை பார்க்கும் ஆனந்தராசா, ஆண்டுதோறும் விடுமுறை எடுத்துக்கொண்டு ஏழைகளுக்கு உதவ செனகலுக்குப் போய்வருகிறார். அதே நகரின் வில்லரேயில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் கூடும் தொண்டர் குழு அழைத்துப் போகும். போகிற கிராமம் ஒன்றே. செய்கிற தொண்டும் ஒன்றே: பள்ளிக்கூடச் சுவருக்கு நீலம் பூசுவது. இவர்கள் திரும்பியதும் வேறொரு நாட்டுக் குழு வந்து அதே சுவருக்கு மஞ்சள் பூசும். பூச்சின் கனத்தில் வகுப்பறை உள்ளே சுருங்கிவருவதாகக் கேள்வி.

முதல் முறை போனபோது இன்னும் பெரிய சேவை நடந்தது. பியர்பொன்ட்ஸில் வீடு வீடாகத் திரட்டிய தடித்த குளிரங்கிகளை, வேப்பிலைகூட வெயிலில் சுருளும் அந்த ஊருக்கு ஆனந்தராசா சுமந்துபோனார். மீன் விற்கும் இப்ரா ந்தியாய் மட்டுமே ஒன்றை வாங்கி, ஐஸ்கட்டிகள் மேல் போர்த்தினார். "வெயில் உள்ளே போகாது, குளிர் வெளியே வராது. நல்ல சாமான்," என்று நன்றியும் சொன்னார்.

அந்த ஊர் வழக்கப்படி விருந்தாளிக்கு ஒரு குடும்பப் பெயர் கொடுப்பார்கள். ஆனந்தராசா 'தியோப்' ஆனார். தியோப்புக்கும் ந்தியாய்க்கும் கிட்டத்தட்ட மச்சான் முறை. கண்ட இடத்தில் ஒருவரையொருவர் ஏசியாக வேண்டும்; ஏசாமல் போனால்தான் மனத்தாங்கல். வழக்கமான வசவு, சோற்றுக்குச் செத்தவன் என்பது. ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் உண்பார்கள். நடுவில் மீன். "தியோப் வந்துவிட்டான், பானையை ஒளியுங்கள்," என்று சொல்லிக்கொண்டே இப்ரா மீனின் நல்ல சதையைப் பிய்த்து ஆனந்தராசாவின் பக்கம் தள்ளிவிடுவார். ஆலையில் கற்ற பிரெஞ்சில் இவரும் திருப்பி ஏசுவார்.

மொன்றியல் இந்த விஷயத்தில் அவரைக் கைவிட்டுவிட்டது. ஆலையில் காலையில் பொன்ஜூர் என்று வணக்கம், மாலையில் மெர்சி என்று நன்றி, அவ்வளவுதான்.

"நல்ல சனம்தான்," என்று, வீட்டுக்குப் போயிருந்த என்னிடம் ஒருநாள் துயரத்தோடு சொன்னார். "ஆனா இவ்வளவு வருசத்திலை ஒருத்தனும் என்னை ஒரு சொல்லு ஏசேல்லை."

தேநீர் கொண்டுவந்த சிவநேசத்துக்கு இது கேட்டுவிட்டது. "ஏன், நான் ஏசுறது காணாதே?"

"நீர் காரணத்தோடை ஏசுறீர். அவன் சும்மா ஏசுவான்."

இந்த ஆண்டு பெட்டி கட்டி முடிந்த பிறகு நிலவறையில் கூட்டம் நடந்தது. குழுத் தலைவர் றெனோல்ட் தொண்டையைச் செருமினார். "செனகல் கிராமத்திலையிருந்து கதைச்சவை. கிணத்து மோட்டர் எரிஞ்சு போச்சாம். சுவருக்கு இனிப் பெயின்ற் வேண்டாமாம். எங்கட டிக்கற் காசை அனுப்பினா மோட்டர் பூட்டலாமாம்."

வெயிலுக்குக் களிம்பு வாங்கிவிட்டவர்கள் குனிந்து தங்கள் பனிச்சப்பாத்துகளை ஆராய்ந்தார்கள்.

"ஆனந்தண்ணை, நீங்கள்தான் மூப்பு. நீங்கள் சொல்லுங்கோ," என்றார் றெனோல்ட்.

காசு அனுப்ப வேண்டாம் என்று ஒரு சொல் போதும், அத்தனை பேரும் பின்னால் வருவார்கள் என்பது ஆனந்தராசாவுக்குத் தெரியும். மேசைமேல் கிடந்த சென்ற ஆண்டுப் படத்தை எடுத்தார். சுவர் நீலமாக இருந்தது. அதன் முன்னால் இப்ரா அவரைச் சுட்டிக்காட்டி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். படத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு தூரிகை பிடிக்கும் வலது கையை முதல் ஆளாக உயர்த்தினார்.

"சனம் தண்ணி குடிக்கட்டும்."

இப்போது குளியலறைத் தராசு அவரை மட்டும் நிறுக்கிறது.

மாசி ஞாயிறு ஒன்றில் அவர்கள் வீட்டில் எனக்கும் மதியச் சாப்பாடு. ஆனந்தராசாவுக்குச் சீனி வருத்தம் என்பதால் சிவநேசம் அளந்து ஒரு அகப்பை சோறு போட்டார். நடுவில் ஒரு துண்டு மீன். அப்போது தொலைபேசியில் இப்ராவின் குரல் வந்தது. பின்னணியில் மோட்டர் இரைய, சிரிப்பும் பிரெஞ்சும் கலந்து நீளமாக ஏதோ சொல்லி ஓய்ந்தது.

"என்னவாம்?" என்றார் சிவநேசம்.

"தண்ணி வருதாம். நான் வராதபடியா இந்த வருசம்தான் சோறு மிஞ்சுதாம். என்ரை பக்கத்தைப் பூனை தின்னுதாம்."

"நல்ல மனுசன்."

ஆனந்தராசா பதிலுக்கு ஏச வாயெடுத்தார். தொலைபேசி இணைப்பு ஏற்கெனவே அறுந்திருந்தது. தட்டைத் தன் பக்கம் இழுத்து, சோற்றின் நடுவே விரலால் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு இந்தப்புறத்தை மட்டும் மெதுவாக உண்ணத் தொடங்கினார்.

"முள்ளே? ஏன் மீனைத் தொடேல்லை?" என்றார் சிவநேசம்.

அவர் மீனின் முள்ளை நீக்கி, நல்ல சதையாகப் பார்த்துப் பிய்த்து, தட்டின் எதிர்ப்பக்கம் தள்ளிவைத்தார்.