மீசைக்கு வாய் வைத்த துணைமாலை அத்தை

துணைமாலை அத்தை போய்விட்டார் என்ற செய்தியை எங்களுக்குக் கொண்டுவந்தவர் பரோட்டாக் கடை சோலையப்பன் அண்ணாச்சி. பந்தல்குடியில் எங்கள் டீக்கடைக்கும் அவர் கடைக்கும் நடுவே ஒரே ஒரு கடைதான். இருந்தும் அவர் எங்கள் கடைப்படியில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அன்று காலை ஏறினார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பா கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா போயிட்டாக. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு உக்காந்தவுக, எந்திரிக்கல."

அப்பா அழுதார். எனக்கு டைபாய்டு வந்து கஞ்சியும் இறங்காமல் கிடந்தபோது "சாக மாட்டான், விடு" என்று சொல்லிவிட்டு டீ ஆற்றப் போனவர் அவர். அத்தைக்காகத் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். துக்கம் எனக்கும் வந்தது. ஆனால் அதை முந்திக்கொண்டு வந்தது பொறாமை. அத்தை விஷயத்தில் எனக்கு எப்போதும் அந்த வரிசைதான்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நடுக்கடை அத்தையுடையது. அவர் எங்களுக்கு ரத்த உறவு இல்லை. கடைத்தெருவே அக்கா என்றது, ஆகவே எனக்கு அத்தை. பருத்திப்பால் விற்றார். ஊறவைத்த பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டு அவர் காய்ச்சினால், தூத்துக்குடி லோடு லாரிகள் தாமாகவே ஓரங்கட்டும். கடைக்குப் பின்னால் மாட்டுத்தொழுவம். தொழுவத்துக்குப் பின்னால், இந்தக் கட்டுரைக்குக் காரணமான அந்த இரும்பு டிரம்.

நான் ஆறாவது படித்தபோது, கோபர் கேஸுக்கு லோன் கொடுக்கிறோம் என்று ஓர் அதிகாரி ஊர் ஊராக வந்தார். கிணறுபோல ஒரு குழி. அதில் சாணியைக் கரைத்து ஊற்ற வேண்டும். மேலே ஓர் இரும்பு டிரம் கவிழ்ந்து மிதக்கும். வாயு சேரச் சேர டிரம் மேலே வரும். அடுப்பு எரிய எரியக் கீழே இறங்கும். வீட்டு அடுப்புக்கு அத்தையின் மாடுகள் போதும், கடை அடுப்புக்குக் காணாது என்று அதிகாரி சொன்னார். சீமைக்கருவேல விறகின் புகையில் கண் சிவந்துகொண்டிருந்த மூன்று கடைக்காரர்களில் யாரிடமும் தனியாக ஒரு கடைக்குப் போதுமான சாணி இல்லை. சேர்த்தால் இருந்தது. அத்தைக்கு மாடுகள், எங்களுக்கு எருமைகள், அண்ணாச்சி கடை வாசலில் பருத்தி வண்டிகளின் காளைகள்.

ஆனால் அப்பாவும் அண்ணாச்சியும் பேசிக்கொள்வதில்லை. எங்கள் கடையில் சாயங்காலம் பஜ்ஜி போட்டோம், அவர் காலையில் டீ போட்டார், அவ்வளவுதான் சண்டை. அதிலிருந்து ஒருவர் கடை சாத்தினால் மற்றவர் அன்று கட்டாயம் திறப்பார். பொங்கலோ தீபாவளியோ இரண்டு கடையும் சேர்ந்து சாத்திய நாளே கிடையாது.

அத்தை இருவரையும் ஒரே கயிற்றுக்கட்டிலில் உட்காரவைத்தார்.

"நீங்க பேச வேண்டாம். மாடு பேசிக்கிடட்டும். ஆளுக்கு ஒரு கூடை சாணி போடுங்க, ஆளுக்கு ஒரு நேரம் நெருப்பு எடுங்க."

"அவன் கூடையில பாதி மண்ணால்ல இருக்கும்?" என்றார் அப்பா.

"அவரு எருமைச் சாணி மோர் மாதிரி இருக்கும்க்கா. அதுக்கு அரைக்கூடைக் கணக்குதான்," என்றார் அண்ணாச்சி.

"உள்ள கரைச்சு ஊத்தின பெறகு எது யாரு சாணின்னு பிரிச்சுக் காட்டுங்க. காட்டுறவுகளுக்கு ஆயுசுக்கும் பருத்திப்பால் சும்மா தாரேன்."

இருவரும் சிரித்துவிட்டார்கள். என் அப்பா சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதுவரை அவரைச் சிரிக்க வைக்க நான் செய்த குறும்புகளுக்கெல்லாம் முதுகில்தான் பரிசு கிடைத்திருந்தது.

காலையில் எங்கள் டீ, மத்தியானம் அத்தையின் பருத்திப்பால், சாயங்காலம் அண்ணாச்சியின் பரோட்டா என்று முறை வைத்தார்கள். எங்கள் பங்குச் சாணியைச் சுமக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. அந்தக் கடுப்பில், வரலாற்று வாத்தியார் நடத்திய பாடத்திலிருந்து அத்தைக்குச் சாணக்கியர் என்று பெயர் வைத்தேன். பள்ளிக்கூடம் வரை பெயர் பரவியது. அவர் காதுக்கும் போனது.

"நல்லாத்தான்லே வச்சிருக்க. சாணக்கியருக்குக் கூடை சொமக்கிறவன் பேரு என்னன்னு அதே வாத்தியார்ட்டக் கேட்டுட்டு வா."

மறுநாள் முதல் நான் ஊருக்கே 'கூடை' ஆனேன். என் குறும்புக்கு அடி விழுந்தால் பொறுத்துக்கொள்வேன். என்னைவிட நல்ல பதில் விழுந்தால் எப்படிப் பொறுப்பது?

கொஞ்ச நாளில் சண்டை வந்தது. சாயங்காலம் பாதிப் பரோட்டாவில் நெருப்பு நின்றுவிடும். டீக்கடைக்காரர் காலையிலேயே உறிஞ்சிவிட்டார் என்று அண்ணாச்சி கத்துவார். பரோட்டாக் கல்லைக் காயவிட்டே அவன்தான் தீர்க்கிறான் என்று அப்பா கத்துவார். கூட்டு உடைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்த நேரத்தில்தான் நான் சைக்கிள் கடையிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் வாங்கி, கறுப்பு டிரம்மின் வயிற்றில் ஒரு பெரிய முறுக்கு மீசை வரைந்தேன். அச்சு அசல் அண்ணாச்சியின் மீசை. சாயங்காலம் அவர் கல்லில் மாவு வீச வீச, டிரம் இறங்க இறங்க, மீசை சாணிக்குள் முங்கியது. லாரி டிரைவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அண்ணாச்சி கரண்டியோடு என்னைத் தேடி வந்தார்.

அத்தை அவரை மறித்தார். டிரம்மையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அழிக்க வேண்டாம். காலையில மீசை சாணியத் தொட்டவொடன டீக்கடைக் குழாயை மூடிரணும். மிச்சமும் மத்தியானம் ஊறுறதும் மத்தவுக பங்கு. சாயங்காலம் மீசை முங்குனா அது நாயம்."

அன்றோடு சண்டை நின்றது. காலையில் அப்பா தலையை நீட்டி மீசையைப் பார்த்துப் பார்த்துத்தான் டீ ஆற்றுவார். தன் மீசையைத் தானே தினமும் முங்கடிப்பதில் அண்ணாச்சிக்கு ஒரு பெருமையே வந்துவிட்டது. பாளையம்பட்டியிலிருந்தும் ரெட்டியபட்டியிலிருந்தும் கடைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அதே அதிகாரி நாலு பேரைக் கூட்டிவந்து, "இந்தம்மாவோட மூளையைப் பாருங்க" என்றார்.

மீசை நான் வரைந்தது. மூளை அவருடையதாம். அத்தையிடமே போய்ச் சண்டை போட்டேன்.

"மீசை ஒன்னோடதுதாம்லே, யாரு இல்லேன்னா?" என்றார். "அத நீ அண்ணாச்சிய அழவைக்க வரைஞ்ச. நான் அரிசி அளக்குற படி மாதிரி வச்சிக்கிட்டேன். இதுல ஒனக்கு என்ன வயித்தெரிச்சல்?"

வயிற்றெரிச்சல் எனக்கு. வாயு அவருக்கு. வேறென்ன சொல்ல?

வருஷம் ஒருமுறை துரு ஏறாமல் இருக்க டிரம்மைத் தூக்கிவைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, மீசையைப் புதுப்பிப்பது வழக்கம். போன முறை எனக்குப் பரீட்சை. அத்தை தாமே பிரஷ்ஷைப் பிடித்தார். திரும்பி வந்து பார்த்தபோது டிரம் குழிக்குள் இறங்கியிருந்தது. மீசை என்னுடையதைவிட எடுப்பாக இருந்தது.

"மூஞ்சி இல்லாத மீசை என்ன மீசை? ஒரு வாயாச்சும் வரையப்படாதா?" என்று குத்தினேன்.

"வாயும் இருக்குலே. மூணு கடையும் ஒண்ணாச் சாத்துற அன்னைக்கு ஒங்கிட்டப் பேசும்."

சூரியன் மேற்கே உதிக்கும்போது என்று சொல்வதைப்போல எடுத்துக்கொண்டு நானும் மறந்துவிட்டேன்.

அத்தையை எடுத்தாகிவிட்டது. இறப்பு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அக்கம்பக்கத்தார் ஆக்கித் தருவார்கள். ஆனால் எங்கள் அடுப்புக்கு வருவதும் அந்த வீட்டு நெருப்புதானே? "இது அக்கா நெருப்பு. கருமாதி முடியாமப் பத்தவைக்க மாட்டேன்," என்று அப்பா கடையைச் சாத்தினார். சொந்த அண்ணன் இறந்தபோது பால் தெளித்த மறுநாளே டீ ஆற்றிய மனிதர்! அண்ணாச்சியும் சாத்தினார். யாரும் யாரையும் கேட்கவில்லை. அவன் முதலில் திறக்கட்டும், நான் திறக்க மாட்டேன் என்று துக்கத்திலும் போட்டி. பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் டீக்கு வழியில்லாமல் எங்களைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

திருச்சுழியில் வாழ்க்கைப்பட்ட அத்தையின் மகள் முத்துலட்சுமி மதினி, கருமாதிக்கு முந்தின நாள் காலையில் இருவரையும் கூப்பிட்டார்.

"மாட்டை நான் ஓட்டிட்டுப் போறேன். டிரம்மை ஒங்கள்ல யாராச்சும் ஒருத்தர் எடுத்துக்கிடுங்க."

அவ்வளவுதான். குழிக்கு எங்கள் கடைதான் பக்கம் என்றார் அப்பா. எனக்குத்தான் நெருப்பு அதிகம் வேண்டும் என்றார் அண்ணாச்சி. அத்தை படத்துக்கு முன்னால், அன்று காலை போட்ட மாலை வாடுவதற்குள் கூட்டு உடைந்துகொண்டிருந்தது. எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மாடுகளுக்குத் துக்கம் கிடையாது. அவை தம் பங்கைப் போட்டுக்கொண்டே இருந்தன. நானும் விடாமல் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எடுப்பார் இல்லாமல் டிரம் நான் பார்த்தே இராத உயரத்துக்கு வந்திருந்தது. மீசைக்குக் கீழே, எப்போதும் சாணிக்குள்ளேயே கிடக்கும் இடத்தில், வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தண்ணீரை அடித்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன்.

வாய். காதுவரை விரிந்த வாய். அதிலிருந்து என்னைப் பார்த்து நீட்டிய ஒரு நாக்கு.

நான் போட்ட சத்தத்தில் மூவரும் ஓடிவந்தார்கள். அத்தை சொன்னதைத் திக்கித் திக்கிச் சொன்னேன். முதலில் அப்பா சிரித்தார். பிறகு அண்ணாச்சி, மதினி.

"ரெண்டு பேரும் ஒண்ணாச் சாத்துவோம்னு அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு, பாத்தியா?" என்றார் அப்பா. அண்ணாச்சியிடம் அவர் நேராகப் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது.

"எப்பச் சாத்துவோம்னும் தெரிஞ்சிருக்கு," என்றார் அண்ணாச்சி.

சிரிப்பு நின்றுவிட்டது.

"டிரம்மு இங்ஙனயே கெடக்கட்டும் தாயி," என்றார் அப்பா. "மாட்டையும் ஓட்டாத. நாங்க பாத்துக்கிடுதோம்."

"ரெண்டு பேரும் பேசிக்கிடுவீகளா?" என்று மதினி கேட்டார்.

"மாடு பேசிக்கிடும்," என்றார் அண்ணாச்சி.

கருமாதி முடிந்து மறுநாள் காலை முதல் நெருப்பை அத்தை கடையில்தான் மூட்டினார்கள். அண்ணாச்சி பருத்திப்பால் கிண்ட, அப்பா கருப்பட்டி போட, இருவருக்கும் பக்குவம் தெரியாமல் அடிப்பிடித்தது. பிறகு எங்கள் டீ. டிரம் இறங்கத் தொடங்கியது. முதலில் நாக்கு போனது, பிறகு உதடு. மீசை சாணியைத் தொட்டதும் அப்பா குழாயை மூடினார்.

அத்தை, என் அப்பாவைச் சிரிக்க வைக்க நான் இத்தனை வருஷம் பாடுபட்டேன். நீங்கள் இறந்த பிறகும், நான் ஆரம்பித்த மீசையைக் கொண்டே அதைச் செய்துவிட்டுப் போனீர்கள். இந்தப் பொறாமை எனக்கு ஆறவே ஆறாது, ஆறவும் வேண்டாம். அடுத்த முறை பிரஷ் என் கையில்தான். அந்த வாயில் ஒரு கோடுகூட மாற்ற மாட்டேன். போய்வாருங்கள். நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், டீ கொதித்துவிட்டது.