சந்தனம் பூசிய பேக்கப்

தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் நான் கம்ப்யூட்டர் கிளாக்கராக இருந்தேன். கொழும்பில் ஆறு வாரம் கோர்ஸ் படித்தவன் என்பதால் தோட்டத்தை நடத்தும் துரை கொடுத்த பட்டம் அது.

தோட்டத்தில் பிறந்தவர், இறந்தவர் என்று மூன்று தலைமுறைப் பதிவுகளை இரண்டு வருடம் தட்டி ஏற்றினேன். இவ்வளவு பெரிய டேட்டாபேஸ் இந்தப் பக்கத்திலேயே கிடையாது என்று துரை வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். பூச்சி அரித்த பழைய புத்தகங்களை ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அடுப்பில் போடச் சொன்னார். நானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன்.

பேக்கப் எடுப்பது என்ன பெரிய வித்தையா? திரையில் படம் படமாக வரும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். எடுத்ததைச் சரிபார்க்கவா என்று ஒரு கட்டம் கேட்கும். அரை மணி நேரம் வீண் என்று அதை நான் தொட்டதே இல்லை. ஆபீசுக்கு வந்த பத்து வெற்று சீடியில் ஒன்றில் தோட்டத்தை ஏற்றினேன். மற்ற ஒன்பதில் ஆபீசே கூடிச் சினிமாப் பாட்டு ஏற்றியது.

ஆயுத பூஜையன்று மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். சீடியை மட்டும் விடலாமா? பளபளக்கிற பக்கம்தான் அதற்கு முகம் என்று நினைத்து, அதில் சந்தனம் பூசிக் குங்குமமும் வைத்தேன். மறுநாள் குத்துவிளக்கோடு சேர்த்துச் சாம்பல் தொட்டுத் துலக்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சித்திரையில் இடி விழுந்து கம்ப்யூட்டர் கருகியது. புதியது வந்த அன்றே ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அக்கா ஒருவர் வந்து நின்றார். கொழும்பு ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளுக்கு மறுநாள் ஆபரேஷன். அக்கா அடையாள அட்டை எடுத்ததே இல்லை. இந்தத் தோட்டத்தில் பிறந்தவர் என்று துரை கடிதம் கொடுத்தால்தான் அந்தச் சண்டைக் காலத்தில் வழியில் ராணுவ செக் பாயிண்டைத் தாண்டலாம்.

"உக்காருங்கக்கா, ரெண்டு நிமிசம்" என்று ரீஸ்டோரை அமுக்கினேன். பச்சைப் பட்டை பாதிவரை ஓடி நின்றது. சீடியைப் படிக்க முடியவில்லை என்றது. பத்துத் தடவை அமுக்கினேன், பத்துத் தடவையும் அதே பதில்.

பதிவு இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் துரை. புத்தகத்தை எரிக்கச் சொன்ன வாய் அது. அடுப்பில் போட்ட கை என்னுடையது.

அக்கா கடிதமில்லாமலே விடியற்காலை பஸ் ஏறினார். அவிசாவளை செக் பாயிண்டில் இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நேரே ஆபீசுக்கு வந்து துரையிடம் கேட்டார்.

"முப்பது வருசமா காலைல பெரட்டுக்களத்துல என் பேரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புனீங்களே ஐயா, 'ஆமாங்க'ன்னு சொன்னது யாருங்க?"

அந்த நேரத்தில் அவருடைய மகளை ஆபரேஷனுக்குத் தனியாகக் கொண்டுபோயிருப்பார்கள்.