வெடிக்கு முன்னா, பின்னா?

குழந்தை மருத்துவரின் அறைக்கு வெளியே, ஆஸ்பத்திரி விறாந்தையில் நீளமான மர வாங்கு ஒன்று இருந்தது. வந்திருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதில் தாய்மாரின் மடியில் சுருண்டு கிடந்தார்கள். காய்ச்சல், சளி, வயிற்றோட்டம். எங்கள் அபிக்கு அப்போது இரண்டரை வயது. உடம்பில் ஒரு குறையும் இல்லை. விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினாள், நிறை பார்க்கும் தராசில் ஏறிக் குதித்தாள், மருந்து வண்டிலின் சில்லைச் சுற்றினாள், மறுபடி ஓடினாள். என் மனைவி மாலினி பின்னால் போனாள். அவள் களைத்ததும் நான் போனேன். நான் களைத்ததும் திரும்பவும் அவள்.

உள்ளே போய் அமர்ந்ததும் மருத்துவர் கேட்டார்: "எப்ப இருந்து இப்படி?"

"அந்த வெடிக்குப் பிறகு, டொக்டர்" என்றேன்.

"வயித்துக்குள்ளேயே இப்பிடித்தான்" என்றாள் மாலினி.

இருவரும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டோம். மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கண்டிப்பு இல்லை. ஆனால் நான் இன்றும் அந்த அறையை விட்டு முழுதாக வெளியே வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதை வாசிக்கும் உங்களில் யாராவது, இப்போது ஒரு சிறு பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தபடி "ஏன் இவள் மட்டும் இப்படி?" என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். அந்த "ஏன்" என் வாழ்க்கையில் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் வெள்ளவத்தையில், கடற்பக்க ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி அனெக்ஸ் ஒன்றில் குடியிருந்தோம். நான் ஒரு டியூட்டரியில் கணக்கியல் படிப்பித்தேன். மாலினி காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்தாள். இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் இரண்டு வீட்டிலும் எஞ்சியிருந்த மூத்தவர்கள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டார்கள். பிள்ளையை வைத்துப் பார்க்க எங்களுக்கு நாங்கள்தான்.

அபி மேசையில் ஏறுவாள், அங்கிருந்து யன்னல் கம்பிக்குத் தாவுவாள். ஒரு வாய் சோற்றுக்கும் அடுத்த வாய்க்கும் இடையில் வீட்டை மூன்று தரம் சுற்றுவாள். பொம்மையைக் கொடுத்தால் கண் சிமிட்டும் நேரம் பார்ப்பாள், எறிவாள். இரவில் தூக்கம் வருவதற்கு முன் கால்கள் கட்டிலை உதைத்துக்கொண்டே இருக்கும். கீழ்வீட்டு அன்ரி தும்புத்தடியால் தன் கூரையில் இடிப்பார். காலையில் படியில் கண்டால், "சரியான குழப்படி என்ன?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அந்தச் சிரிப்பு மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டு வந்தது.

அவளுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் குண்டு ஒன்று வெடித்தது. எங்கள் யன்னல் கண்ணாடி நொருங்கி அவள் தொட்டிலுக்குள் கொட்டுண்டது. அவள் தொட்டிலில் இல்லை. சமையலறையில் மாலினியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீறல்கூட விழவில்லை. ஆனால் அன்று முதல் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "பிள்ளை பயந்திட்டுது."

கோயிலில் நூல் கட்டினோம். அந்த வசனத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஊரையே குலைத்த யுத்தம் என் பிள்ளையையும் குலைத்துவிட்டது. அதில் எனக்கு விளங்காதது எதுவும் இல்லை.

மாலினி ஒத்துக்கொள்ளவில்லை. முதலாம் பிறந்தநாள் படங்களை எடுத்து வந்து என் முன்னால் பரப்பினாள். எல்லாப் படத்திலும் கேக் தெளிவாக இருந்தது, நாங்கள் தெளிவாக இருந்தோம். அபி மட்டும் கலங்கித் தெரிந்தாள்.

"இது வெடிக்கு முந்தி. பாருங்கோ, ஒரு படத்திலயாவது நிண்டவளோ?"

"எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தானே, மாலினி" என்று சொல்லிவிட்டு நான் விடைத்தாள் திருத்தப் போனேன்.

"அவளுக்கு நோய், வருத்தம் எண்டு நான் சொல்லேல்லை. அவள் இப்பிடித்தான் எண்டு சொல்லுறன்."

அதே மாலினிதான் அவளை முதன்முதலில் நோயாளி என்று சொன்னாள். அதுவும் ஒரு பொலிஸ் அதிகாரியிடம்.

அது ஒரு விடியற்காலைச் சுற்றிவளைப்பு. ஒழுங்கை முழுவதையும் வெளியே வரச் சொல்லி, அடையாள அட்டைகளுடன் வரிசையில் நிறுத்தினார்கள். அபி என் தோளிலிருந்து வழுக்கி இறங்கி, துவக்குகளுக்கும் சப்பாத்துகளுக்கும் இடையால் ஓடினாள். ஒரு அதிகாரியின் கையிலிருந்த தாள்களை இழுத்தாள். அவை சேற்றில் விழுந்தன.

"லமயா அல்லகன்ன!" என்று அவர் சிங்களத்தில் கத்தினார். பிள்ளையைப் பிடி.

பிடித்தேன், நிறுத்தி வைத்திருக்க முடியவில்லை. இரண்டாவது தடவையும் ஓடினாள். வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்க்கவில்லை. பார்த்தால் தங்களுக்கும் ஏதாவது வந்துவிடும் என்பதுபோல் நிலத்தைப் பார்த்தார்கள். அப்போதுதான் மாலினி முன்னே போய், நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்:

"லமயாட்ட அசனீபய், மஹத்தயா."

பிள்ளைக்குச் சுகமில்லை, ஐயா. அதிகாரி அபியைப் பார்த்தார். பிறகு எங்கள் அட்டைகளை மற்றவர்களுக்கு முன் வாங்கிப் பார்த்துவிட்டு, மேலே போகச் சொன்னார்.

படியேறும்போது மாலினி அழுதாள். "வாய் தவறி வந்திட்டுது" என்றாள். ஆனால் சொல்லப்பட்ட சொல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அதற்கு அடுத்த கிழமைதான் அந்த ஆஸ்பத்திரி விறாந்தைக்குப் போனோம்.

மருத்துவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணி. அவசரப்படமாட்டார். முதலில் செவிப்புலன் பரிசோதனைக்கு (வெவ்வேறு ஒலிகளை அனுப்பி, காது எந்த அளவு கேட்கிறது என்று அறியும் சோதனை) அனுப்பினார். பெரிய சத்தம் காதைப் பாதித்திருந்தால் பிள்ளை சொல்வழி கேளாததுபோல் தோன்றலாம் என்றார்.

காது சுத்தமாகக் கேட்டது. அந்த முடிவை வாசித்தபோது எனக்கு வந்தது ஆறுதல் அல்ல, ஏமாற்றம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. காதில் ஒரு பழுது இருந்திருந்தால் வெடியைக் குற்றவாளியாக்கி, பழுதைத் திருத்தியிருக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

"இது ஏ.டி.எச்.டி (கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவதும், உடம்பையும் உந்துதலையும் அடக்குவதும் கடினமாக இருக்கும் ஒரு மூளை வளர்ச்சி நிலை) ஆக இருக்கலாம்" என்றார் மருத்துவர். "ஆனா இந்த வயசில நான் பேர் வைக்க மாட்டன். பயந்த பிள்ளையும் இப்படி இருக்கும், நித்திரை குறைஞ்ச பிள்ளையும் இப்படி இருக்கும். ஸ்கூல் போற வயசு வரட்டும், பார்ப்பம்."

"அதுவரைக்கும் நாங்கள் என்ன செய்யிறது, டொக்டர்?"

"ஒரு நேரம் ஒரு வேலை மட்டும் சொல்லுங்க. சாப்பாட்டுக்கு முன்ன ஓட விடுங்க. தூர நிண்டு கத்தாதீங்க, கிட்டப் போய்த் தொட்டு, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க." பிறகு, "அப்பா சொல்றது சரியா, அம்மா சொல்றது சரியா எண்டு இப்ப பார்க்கத் தேவையில்ல. யார் சொன்னது சரியெண்டாலும் பிள்ளைக்கு நீங்க செய்ய வேண்டியது ஒண்டுதான்" என்றார்.

மாலினி அந்த ஆலோசனைகளைக் கேட்டுக்கொண்டாள். எனக்கு "பயந்த பிள்ளையும் இப்படி இருக்கும்" என்ற ஒரு வசனம் மட்டும் காதில் விழுந்தது.

பயம்தான் காரணமென்றால் பயமில்லாத இடத்துக்குக் கொண்டு போனால் சரியாகிவிடும். என்னோடு படித்த நண்பன் ஒருவனுக்கு மலைநாட்டில், பண்டாரவளையில் இருந்த வீட்டில் பின்பகுதி வெறுமையாகக் கிடந்தது. குளிர், மரங்கள், அமைதி. மாலினிக்கு விருப்பமில்லை. வேலையை விட வேண்டும்.

"அங்க போனா இவள் மாறுவாள் எண்டு நினைக்கிறீங்களோ?"

"ஒருக்காப் பாப்பம். மாறாட்டித் திரும்பி வாரும்."

அவள் வேலையை விட்டாள். கோட்டைப் புகையிரத நிலையத்தில் அவர்களை ஏற்றி அனுப்பினேன். என்னால் டியூட்டரியை விட முடியவில்லை. அரை ஆண்டுக்கு மேல் அவர்கள் அங்கே இருந்தார்கள். மாதத்துக்கு ஒரு தடவை போனேன், சில மாதங்களில் அதுவும் முடியவில்லை.

முதல் மாதம் முடியும் முன்பே மாலினி தொலைபேசியில் சொன்னாள்: "இஞ்ச வெடியும் இல்லை, ஒண்டும் இல்லை. இவள் அப்பிடியேதான்."

"இன்னும் கொஞ்ச நாள் பாரும்" என்றேன். அதையே ஒவ்வொரு மாதமும் சொன்னேன்.

அபி மாறவில்லை. மாறியது மாலினி. நான் போகும்போதெல்லாம் அதைப் பார்த்தேன். சோற்றுக்கு முன் அவளை மேட்டில் ஏறி இறங்க விடுவாள். அழைப்பதற்கு முன் தோளில் கை வைப்பாள். "சட்டையைப் போட்டு, தலை இழுத்து, செருப்பைக் கொண்டு வா" என்று சொல்லமாட்டாள். "சட்டை" என்பாள். அது முடிந்தபின் "சீப்பு" என்பாள். அவர்கள் இருவருக்கும் இடையில் ஒரு தனி மொழி உருவாகியிருந்தது. நான் அதில் விருந்தாளி. தேயிலைச் சரிவைப் பார்த்தபடி, "பிள்ளை கொஞ்சம் அமைதியாயிட்டாள் போல, என்ன?" என்று நான் கேட்க, மாலினி தேத்தண்ணீர் ஊற்றினாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது மாலினியின் வேலையில் வேறொருவர் இருந்தார். அதற்காக அவள் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

திரும்பி வந்த சில நாட்களில், மாலினி வேலை தேடிக் கொள்ளுப்பிட்டிக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், நான் அபியைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். எங்கள் ஒழுங்கையின் முடிவில் புகையிரதப் பாதை. அதற்கு அப்பால் பாறைகளும் கடலும். என் சப்பாத்து வாரைக் கட்டக் குனிந்தேன். நிமிர்ந்தபோது அவள் பாதையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

"அபி! நில்!" என்று கத்தினேன்.

என் குரல் கேட்டதும் சிரித்தபடி இன்னும் வேகமாக ஓடினாள். கோட்டைப் பக்கமிருந்து ரயில் வந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவே அது நுழைந்தது.

அந்த ரயிலின் பெட்டிகளை நான் எண்ணவில்லை. படிகளில் தொங்கிக்கொண்டு போனவர்களின் முகங்கள், ஒருவர் கையிலிருந்த குடை, அலுவலகம் முடிந்த களைப்பு எல்லாவற்றையும் பார்த்தேன். உலகத்தில் எவருக்கும் எதுவும் நடக்காததுபோல் அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பிறகு ரயில் தீர்ந்தது. மறுபக்கம் பாறையில் நின்று அபி கடலுக்குள் கல் எறிந்துகொண்டிருந்தாள்.

நான் போய் அவளைத் தூக்கவில்லை. தண்டவாளக் கற்களிலேயே அமர்ந்தேன். அவள்தான் என்னிடம் வந்து, என் கையைத் திறந்து ஒரு கல்லை வைத்தாள்.

அன்று மாலினி வந்ததும் சொன்னேன். அவள் அபியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "இனி தூரத்தில நிண்டு கூப்பிடாதேங்கோ. கிட்டப் போய்த் தொடுங்கோ. டொக்டர் அண்டைக்கே சொன்னவ" என்றாள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன் என்பதை அவள் சொல்லவில்லை.

அன்றிலிருந்துதான் நான் கற்கத் தொடங்கினேன். மாலினி பண்டாரவளையில் தனியாகக் கற்றதை அவளிடமிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கற்றேன். பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு அதே மருத்துவர் பெயர் வைத்தார். ஏ.டி.எச்.டி.தான். அதற்குள் அந்தப் பெயர் எங்களைப் பயமுறுத்தும் வலிமையை இழந்திருந்தது. சில வருடங்கள் சிறிய அளவில் மருந்து கொடுத்தோம். பசி குறைந்தது, எழுத்து நேராகியது. பிறகு மருந்து தேவைப்படவில்லை. வெடிக்கு முன்னா பின்னா என்று மருத்துவர் ஒருநாளும் தீர்ப்புச் சொல்லவில்லை. நானும் பிறகு கேட்கவில்லை.

அபி இப்போது நுகேகொடையில் தன் கணவனோடு இருக்கிறாள். வீடு முழுக்க ஞாபகக் குறிப்புகள் ஒட்டியிருக்கிறாள். சாவியைத் தொலைப்பாள், அடுப்பை மறப்பாள், ஒரு கதையைத் தொடங்கி மூன்று கதைக்குப் போவாள். அவளுக்குக் குறையொன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குறை என்னிடம்தான் தங்கிவிட்டது. பேருந்தில் இருக்கையில் ஒழுங்காக அமர்வதில்லை, நுனியில்தான் இருப்பேன். சந்தையில் ஒரு பிள்ளை ஓடினால் என் கால் தானாக முன்னே போகிறது. மாலினியின் வலத்தோள் மழைக்காலத்தில் நோகிறது. இழுத்துப் பிடித்த தோள். எங்கள் இரண்டு உடம்பிலும் அந்தச் சின்னப் பெண் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அவள் முகம் எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை. இரண்டு வயதிலும் மூன்று வயதிலும் அவள் என்ன சொன்னாள், எதைக் கண்டு சிரித்தாள் என்று யோசித்தால், அவள் ஏன் இப்படி என்று நான் வாதாடிய வாதங்கள்தான் வருகின்றன. ஆகவே இப்போது மாலினியிடம் கேட்கிறேன். அவள் வேலையோடு வேலையாக எப்போதாவது ஒன்று சொல்வாள்.

போன கிழமை மழை பெய்தது. மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "பண்டாரவளையில ஒருநாள் இப்பிடித்தான் மழை. கூரைப் பீலியால தண்ணி ஒழுகி வாளிக்குள்ள விழுந்தது. இவள் குந்தியிருந்து அதையே பாத்துக்கொண்டிருந்தாள். அசையேல்லை."

"அபியோ? எவ்வளவு நேரம்?"

கத்தியை நிறுத்தி யோசித்தாள்.

"தெரியாது. நானும் பக்கத்தில குந்திட்டன்."