பனிப்பாளத்துக்கு ஒரு கோரிக்கை மனு

குன்னூருக்குக் கீழே தேயிலைச் சரிவில் ஒன்றன் தலையில் ஒன்று ஏறி நிற்கும் ஒன்பது வீடுகளில், மூன்றாவது வீட்டின் பின்னறையிலிருந்து அண்டார்க்டிகா கவனித்துக்கொள்ளப்படுகிறது. கவனித்துக்கொள்பவர் முனைவர் ஞா. கெஸியா, வயது முப்பத்து நான்கு. அண்டார்க்டிகாவுக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. அவரும் அதை நேரில் பார்த்ததில்லை. ஒரு ஜனவரியில் ஊட்டிப் பக்கம் இத்தலார் கிராமத்துக்குப் போனபோது கேரட் தோட்டத்து வரப்பில் உறைந்து கிடந்த பனியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். விண்ணப்பங்களில் ‘கள அனுபவம்’ என்ற கட்டத்தில் இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்து, விட்டுவிட்டார்.

அவருடைய வேலையை விளக்குவது கடினம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். அப்படியொன்றும் இல்லை. பனிப்பாளத்துக்கு மேலே ஒரு விமானம் நேர்கோடாகப் பறக்கும். கீழே பனி எத்தனை ஆழம் என்று ரேடாரால் அளந்துகொண்டே போகும். அடுத்த கோடு ஐம்பது கிலோமீட்டர் தள்ளி. நடுவில் என்ன இருக்கிறது என்பது கடவுளுக்குத் தெரியும். கெஸியாவுக்கு ஓரளவு தெரியும். அளந்த இடங்களை வைத்து அளக்காத இடத்தைக் கணிப்பதும், அந்தக் கணிப்பு எவ்வளவு தூரம் தவறலாம் என்று கூடவே சொல்லிவிடுவதும்தான் தொழில். இடஞ்சார் புள்ளியியல் என்பார்கள்.

“அப்ப ஜோசியமுங்களா?” என்று பக்கத்து வீட்டு இந்துமதி கேட்டார்.

“ஜோசியக்காரன் எவ்வளவு தப்பாச் சொல்லுவான்னு சொல்ல மாட்டானுங்க. இவ சொல்லிருவா” என்றார் கெஸியாவின் தாயார் தபித்தாள். இத்துறையைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விளக்கம் எந்தப் பாடநூலிலும் இல்லை.

வடக்கு ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கெஸியாவுக்கு ‘போஸ்ட் டாக்’ வேலை. தபித்தாளின் முழங்கால் அறுவைக்காக மூன்று வாரம் என்று வந்தவர், அங்கிருந்தே செய் என்று பேராசிரியை சொன்னதால் ஒரு வருடமாக இங்கிருந்தே செய்கிறார். பணியில் சேர்ந்தது ஒரு பிப்ரவரி முதல் தேதி. அதிலிருந்து மூன்று ஆண்டு இரண்டு மாதம். இந்த மார்ச் 31 அன்று ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பு உண்டா, இல்லையா? ஜனவரியில் கேட்கலாம் என்று இருந்தார், கேட்கவில்லை. பிப்ரவரியில் கேட்பதாக இருந்தார், பிப்ரவரியும் போய்க்கொண்டிருந்தது.

கேட்பதற்குப் பதிலாகக் கணித்தார். பேராசிரியை இங்கிரிட் மின்னஞ்சல் முடிவில் ‘அன்புடன்’ போட்டால் நீட்டிப்பு. வெறும் பெயர் போட்டால் இல்லை. ஒற்றை எழுத்து ‘இ’ மட்டும் போட்டால், அன்று கெஸியாவுக்குச் சோறு இறங்காது. பின்னறைக்கும் முன்வாசலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் மின்னஞ்சலைத் திறந்தார். பாதி கடித்த வர்க்கி பிஸ்கட்டை எங்கே வைத்தோம் என்று தேடுவார். அது அவர் கையிலேயே இருக்கும்.

இதையெல்லாம் ஒருவர் நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தந்தை ஞானசீலன். தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டர். அதில் பன்னிரண்டு வருடம் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர். இருபத்திரண்டு தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கியவர். உலகத்தில் இரண்டே சாதிதான் என்பது அவர் கொள்கை: டெம்பரரி, பர்மனென்ட்.

“கண்ணு, போஸ்ட் டாக்னா டாக்டர் பட்டத்துக்கு அப்புறம்தானே?”

“ஆமாங்கப்பா.”

“அதுக்கு அப்புறம் என்ன?”

“இன்னொரு போஸ்ட் டாக்குங்கப்பா.”

“அதுக்கு அப்புறம்?”

கெஸியா முன்வாசலுக்கு நடந்தார். ஞானசீலனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃபேக்டரியில் இதைத்தான் அவர் ஆயுள் முழுக்கப் பார்த்தார். ஆளைக் கொழுந்து சீசனுக்கு எடுப்பார்கள். சீசன் முடிந்தால் அடுத்த சீசனுக்கு வா என்பார்கள். அண்டார்க்டிகாவிலும் எஸ்டேட் நிர்வாகம் அதேதான் போலிருக்கிறது, குளிர் மட்டும் கொஞ்சம் அதிகம்.

மறுநாள் ஞானசீலன் நண்பர் ஒச்சப்பனைக் கூட்டிக்கொண்டு குன்னூர் போனார். ஒச்சப்பன் எஸ்டேட் லாரி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் சங்க ஊர்வலங்களில் கொடி பிடித்தவர். இருவரும் வினோத்தின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, தமிழில் சொல்லச் சொல்ல, வினோத் பழைய மனு ஒன்றைத் திறந்து அதன்மேல் ஆங்கிலத்தில் அடித்தான்.

மனு இரண்டு பக்கம். மேற்படி தொழிலாளி இன்ன தேதியில் பணியில் சேர்ந்தார். இன்று வரை ஆயிரத்து நூறு நாளுக்கு மேல் இடைவிடாது உழைத்துள்ளார். தமிழ்நாட்டில் இருபத்து நான்கு மாதத்தில் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவரையே நிரந்தரமாக்கச் சட்டம் இருக்க, தங்கள் நிர்வாகம் மௌனம் சாதிப்பது வருத்தத்துக்குரியது.

“தலைவரே, கடைசீல ‘போராட்டம் வெடிக்கும்’னு போடுங்க” என்றார் ஒச்சப்பன்.

“மொத லெட்டர்லயே அதப் போடக் கூடாது ஒச்சு. அது மூணாவது லெட்டருக்கு.”

பல்கலைக்கழக இணையதளத்தில் பேராசிரியையின் முகவரி கிடைத்தது. பிரதிகள் மனிதவளப் பிரிவுக்கும், துணைவேந்தருக்கும், அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சருக்கும் போயின. கெஸியாவிடம் யாரும் சொல்லவில்லை. பிள்ளை ஏற்கெனவே நடந்துகொண்டே இருக்கிறாள், இதைச் சொன்னால் ஓடத் தொடங்கிவிடுவாள் என்று ஞானசீலன் நினைத்தார்.

அடுத்த செவ்வாய் மதியம் இரண்டரைக்கு இங்கிரிட் பேச வேண்டும் என்று எழுதியிருந்தார். ‘இ’ மட்டும் போட்டிருந்தார். அந்தச் செவ்வாய் காலையில் ஒரு சில்வர் ஓக் கிளை விழுந்து வீட்டு இன்டர்நெட் இணைப்பு அறுந்தது. மேலே தண்ணீர்த் தொட்டி வளைவில் செல்போன் சிக்னல் நன்றாக வரும். ஆனால் அந்தப் பாதையில் ஒரு காட்டுமாடு நின்று, நேரத்தைப் பற்றிய கவலை ஏதுமின்றி மேய்ந்துகொண்டிருந்தது. துணைக்கு ஞானசீலன் வந்தார். காட்டுமாடு விலக இருபது நிமிடம் ஆனது. தொட்டியின் திண்டில் லேப்டாப்பை வைத்து, மூச்சு வாங்க, கெஸியா திரையைத் திறந்தார். பின்னால் குடையோடு ஞானசீலன்.

“கெஸியா, பின்னால் நிற்பவர்தான் கடிதம் எழுதியவரா?” என்று இங்கிரிட் ஆங்கிலத்தில் கேட்டார்.

“எந்தக் கடிதம்?”

இங்கிரிட் திரையில் காட்டினார். கெஸியா படித்தார். மூன்றாம் பத்தியில், எங்கள் தெருவில் ஆறு மாதமாக விளக்கு எரியவில்லை என்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று இருந்தது. வினோத் பழைய மனுவில் அழிக்க மறந்த வரி.

“தெருவிளக்கு எங்கள் அதிகாரத்தில் வராது என்று மனிதவளப் பிரிவு வருத்தம் தெரிவித்திருக்கிறது” என்றார் இங்கிரிட். அவர் சிரிக்கவில்லை. “கெஸியா, உனக்கு இரண்டு ஆண்டு நீட்டிப்பு கேட்டு டிசம்பரிலேயே கோப்பு அனுப்பியிருந்தேன். இங்கே கோப்புகளை யாரும் படிப்பதில்லை, கையெழுத்துப் போடுவார்கள். அதற்காகத்தான் சத்தமில்லாமல் காத்திருந்தேன். அமைச்சருக்குப் பிரதி என்றதும் படித்துவிட்டார்கள். நாட்களையும் எண்ணிவிட்டார்கள். நான்கு ஆண்டு தொடர்ந்து போனால் நிரந்தரம் பற்றிப் பேச வேண்டிவரும் என்று இப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.”

“அதனால்?”

“ஏப்ரல் ஒரு மாதம் பிரேக். மே முதல் பதினொரு மாதம், புதிய ஆளாக.”

இங்கிரிட்டின் ஆங்கிலத்தில் ஞானசீலனுக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல். அது போதுமாக இருந்தது.

“பிரேக்கா? கண்ணு, சரின்னு சொல்லிராத! இதத்தான் எங்க தொரையும் பண்ணுனான். மாசம் ஒண்ணு வெளிய அனுப்பிட்டு, புதுசா சேந்த மாதிரி எழுதிக்குவானுங்க. விடாத!”

கெஸியா ஒரு நாள் அவகாசம் கேட்டுத் திரையை மூடினார். பிறகு திரும்பினார்.

“யாரக் கேட்டுங்கப்பா அனுப்புனீங்க?”

“நீதான் கேக்கவே மாட்டேங்கிறியே சாமி. மூணு மாசமா ஊட்டுக்குள்ளயே ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடந்துட்டு இருந்த. யாராச்சும் கேக்கணுமில்ல?”

கையிலிருந்த இரண்டு ஆண்டைக் கடிதம் தின்றுவிட்டது என்று சொல்லக் கெஸியா வாயெடுத்தார். குடைக்கடியில் ஞானசீலன் பல வருடத்துக்குப் பிறகு மறுபடியும் சங்கச் செயலாளராக நின்றுகொண்டிருந்தார். முதுகு நிமிர்ந்திருந்தது, கண்ணில் வெளிச்சம். சொல்லவில்லை. முன்னால் இறங்கி நடந்தார்.

அன்று மாலை கெஸியா நான்கு முறை பதில் எழுதி நான்கையும் அழித்தார். முதலாவது நன்றி சொன்னது. இரண்டாவது கெஞ்சியது. மூன்றாவது தந்தைக்காக மன்னிப்புக் கேட்டது. அதை அழிக்கும்போது அவருக்கே தன்மேல் கோபம் வந்தது. நான்காவதைப் பற்றி வெளியே சொல்வதற்கில்லை. பிறகு எழுந்து முன்வாசலுக்கு நடந்தார். நாற்காலியில் இருந்த ஞானசீலனிடம், மூன்று ஆண்டில் முதல்முறையாக, வேலையைப் பற்றி யோசனை கேட்டார்.

“பிரேக் வேண்டாம்னு சொன்னா வேலையே இல்லைன்னுட்டா?”

“அவங்களுக்கு உன்னய விட்டா அந்த வேலைக்கு ஆள் இருக்கா?”

கெஸியா யோசித்தார். ஏப்ரலில் புதிய விமான அளவுகள் வரும். அவற்றைச் சேர்க்கும் கணினி நிரல் அவர் எழுதியது; அதில் எது எங்கே இருக்கிறது என்று இங்கிரிட்டுக்கும் தெரியாது. ஜூனில் வரைபடம் தருவதாக நிதி கொடுத்தவர்களிடம் இங்கிரிட் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

“இல்லீங்கப்பா.”

“அப்ப அத எழுது. கோபமா எழுதாத. கணக்கா எழுது.”

ஐந்தாவது பதில் ஆறு வரி. ஏப்ரலில் என் பல்கலைக்கழகக் கணினிக் கணக்கு மூடப்பட்டால் ஜூனில் வரைபடம் இல்லை. பிரேக் முடிந்து மே மாதம் நான் திரும்புவதற்கான வாய்ப்பு முப்பது விழுக்காடு. கூட்டியோ குறைத்தோ பத்து. இடைவெளி இல்லாத ஒப்பந்தம் என்றால் கையெழுத்திடுகிறேன். முடிவில் ‘அன்புடன்’ போடவில்லை. ‘கெ’ என்று மட்டும் போட்டார்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவர் எத்தனை கிலோமீட்டர் நடந்தார் என்பதற்கு அளவு இல்லை. தபித்தாள் கொடுத்த தேநீர் மூன்று டம்ளரில் மூன்று இடத்தில் ஆறியது. இந்துமதி வேலியோரம் நின்று, “புள்ளைக்கு மந்திரிச்சுப் பாக்கலாமுங்களே அக்கா?” என்று நல்லெண்ணத்தோடு கேட்டுவிட்டுப் போனார்.

வெள்ளி மதியம் பதில் வந்தது. பிரேக் கிடையாது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தொடர்ச்சி. காலம் ஒன்பது மாதம், டிசம்பர் 31 வரை. நான்கு ஆண்டுக்குச் சரியாக ஒரு மாதம் குறைவு. இந்த முறை நாட்களை மிகக் கவனமாக எண்ணியிருந்தார்கள்.

“ஜெயிச்சாச்சா?” என்றார் தபித்தாள்.

“பேச்சுவார்த்தை சுமுகமா முடிஞ்சுதுன்னு சொல்லணும்” என்று திருத்தினார் ஞானசீலன். கெஸியா கையெழுத்துப் போட்டு அனுப்பினார். தபித்தாள் அடுப்பில் கேசரிக்கு ரவை வறுத்தார். அது பாத்திரத்தில் திரள்வதற்குள் கெஸியா டாஸ்மேனியாவில் ஒரு வேலை விளம்பரத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தார்.

செய்தி கேட்டு ஒச்சப்பன் வந்தார். “ஒரே லெட்டர் தலைவரே! வெள்ளக்காரன் எறங்கி வந்துட்டான் பாருங்க. என்ற மவன் பாலமுருகன் துபாய்ல கம்பெனி வெச்சிருக்கற ஆளுகிட்ட அஞ்சு வருஷமா டெம்பரரியாவே இருக்கறானுங்க. அவனுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க.”

ஞானசீலன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “பிரதி யாருக்கெல்லாம் போடலாம்?”

பின்னறையிலிருந்து கெஸியா கேசரித் தட்டோடு ஒச்சப்பனிடம் விரைந்து வந்தார்.

“மாமா, அனுப்பறதுக்கு முன்னால எங்கிட்ட ஒருக்கா காட்டிருங்க.”

“பாத்தியா ஒச்சு,” என்றார் ஞானசீலன், “இத்தன படிச்சும், லெட்டர் எழுதறது எப்படின்னு கத்துக்க வர்றா.”