எஸ்தர் அக்காவின் சிவப்பு மை

"அம்மா போயிட்டாங்கண்ணா" என்று எஸ்தர் அக்காவின் மகள் நிர்மலா போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். கடைசி அத்தியாயம் இன்னும் வரவில்லையே! அவருடைய பதிப்பாளனாக, அந்த ஒரு அத்தியாயத்துக்காக மூன்று வருடம் கெஞ்சியிருக்கிறேன்.

வாழ்ந்து மறைந்த பெண்களைப் பற்றித்தான் அவர் நாவல் எழுதுவார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கூட வேலை செய்தவனுக்குத்தான் மற்றது தெரியும். ஆதாரம் உள்ள வரியை நீல மையில் எழுதுவார். தானாகக் கற்பனை செய்ததைச் சிவப்பில். சிவப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால் பக்கம் காலி. நான் பிரமாதம் என்று சொன்ன ஒரு பக்கத்தை என் கண்ணெதிரே கிழித்தார். "நல்லாத்தான்பா இருக்கு. அதான் பயமா இருக்கு" என்றார். இந்த மனுஷியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

கடைசி நாவல், நூறு வருடத்துக்கு முந்தைய பிளேக் காலத்தில், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கண்டோன்மென்ட்டில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்த சவரியம்மாளைப் பற்றியது. எல்லாம் முடிந்துவிட்டது, சவரியம்மாளின் சாவைத் தவிர. அது எங்கே, எப்படி நடந்தது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. லிங்கராஜபுரத்தில் அக்கா வீட்டு வாசலில் நின்று கத்தினேன்: "நாவல்தானேக்கா! பிளேக்ல போனாங்கன்னு ரெண்டு பக்கம் எழுதுங்க, முடிச்சிடலாம்."

"ஏன்பா உயிரை வாங்குற? அந்தம்மா நிஜமா இருந்தவங்க. எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்ல முடியாதவங்க மேல கதை கட்டலாமா?" என்று கேட்டுவிட்டுக் காபி கொடுத்து அனுப்பினார்.

ஆனேக்கல் பக்கம் ஒரு கல்லறையில் அந்தப் பெயர் இருக்கிறது என்று யாரோ சொல்ல, அக்கா வேகாத வெயிலில் கிளம்பிப் போனார். அது வேறொரு சவரியம்மாள். திரும்பி வரும் பஸ்ஸில்தான் மாரடைப்பு.

ரிச்சர்ட்ஸ் டவுனில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு நான் ஒரு முடிவோடுதான் போனேன். அந்த அத்தியாயத்தை நானே எழுதிவிடுவது. நிர்மலாவும் சரி என்றிருந்தாள். மேடையில் ஒருவர் உருகினார்: "பேனா பிடித்த கையோடு, புன்னகையோடு கண் மூடினார்." கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

பக்கத்தில் இருந்த நிர்மலா, "பேனா எங்கண்ணா இருந்துச்சு? பாதி கடிச்ச கொய்யாக்கா இருந்துச்சுன்னு கண்டக்டர் சொன்னாரு. முந்தின நாள்தான் பல்லு வலின்னு புலம்பினாங்க. சொன்னா கேட்டாதானே" என்று விசும்பினாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்வலியோடு கொய்யாக்காய் கடித்த என் அக்காவைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வேறு யாரையோ உட்கார வைத்துவிட்டார் அந்த மனிதர். எழுந்து வந்து இல்லை என்று சொல்ல அக்காவால் முடியாது. அப்போதுதான் அழுதேன்.

நாவல் அந்த அத்தியாயம் இல்லாமலே வரும். "சவரியம்மாள் எங்கே இறந்தார் என்று தெரியவில்லை" என்ற ஒரே வரியோடு முடியும்.

அவருடைய இரண்டு பேனாக்களையும் நிர்மலா என்னிடம் கொடுத்திருக்கிறாள். இந்த அஞ்சலியை நீலத்தில்தான் எழுதினேன். சிவப்பின் மூடியைத் திறக்கவே இல்லை. இப்போது திருப்திதானே, அக்கா?