இறால் குட்டையில் ஓடும் லினக்ஸ்

முகம் தெரியாதவர்கள் எழுதிய சாஃப்ட்வேரைச் சேர்த்துக் கட்டி, அதை நம்பி உயிருள்ள ஒன்றை விட்டுவைக்கிற தொழிலில் இருப்பவனுக்குச் சோறு நிம்மதியாக இறங்காது. நீங்களும் எங்கள் கூட்டம்தான் என்றால் படியுங்கள், ஆறுதலாவது கிடைக்கும்.

எங்கள் கம்பெனி தஞ்சாவூரில், மாடியில் மூன்று அறை. இறால் குட்டையில் தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் சக்கரத்துக்கு ஏரேட்டர் என்று பெயர். ஆக்சிஜன் குறைந்தால் அதைத் தானாக ஓடவைக்கும் பொட்டியைச் செய்கிறோம். தேவைப்படும் நேரத்தில் சக்கரம் நின்றால் ஒரு மணி நேரத்தில் குட்டை காலி.

சண்டை போட ஆள்

பொட்டிக்குள் ஓடும் சாஃப்ட்வேரை முன்பு வெளியூர்க் கம்பெனி ஒன்று கட்டிக் கொடுத்தது. அவர்கள் கடையை மூடியதும், ஓப்பன் சோர்ஸ் டூலை வைத்து, பொட்டியை இயக்கும் லினக்ஸ் என்ற சாஃப்ட்வேரை நாமே கட்டிக்கொள்ளலாம் என்று நான்தான் வாயை விட்டேன். முதலாளி ஸ்டெல்லா மேடம் இருபது வருஷம் ரைஸ் மில்களுக்கு மோட்டார் பேனல் போட்டவர். உலகம் பூராவும் உள்ளவர்கள் எழுதியது, இலவசம், பெரிய கம்பெனிகளே இதற்கு மாறிவிட்டன என்று அரை மணி நேரம் விளக்கினேன். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டவர் கடைசியில் இதைத்தான் சொன்னார்: "காசு வாங்காதவன்கிட்ட எப்படிப் போய்ச் சண்டை போடுறது, செந்தில்? அப்ப பழி முழுக்க உங்க தலையிலதானே?"

ஆறு மணி நேரம்

இந்த டூலில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு குறிப்பு உண்டு. அதற்கு ரெசிபி என்றே பெயர். எங்கிருந்து எடுக்க வேண்டும், எப்படிச் சேர்க்க வேண்டும் என்று அதில் இருக்கும். இப்படி நூற்றுக்கணக்கில். முதல் தடவை எல்லாவற்றையும் கட்டி முடிக்கக் கம்ப்யூட்டர் ஆறு மணி நேரம் ஓடியது. ஐந்தாவது மணி நேரத்தில் கரண்ட் போய்விட, இன்வெர்ட்டர் தாங்க வேண்டுமே என்று ஃபேனையெல்லாம் அணைத்துவிட்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தோம். திரையில் வரிகள் ஓடினால் எங்கே சிவப்பில் ஒரு பிழை வருமோ என்று பயம், நின்றால் செத்துவிட்டதோ என்று பயம். போர்டுகளுக்கு ஈயம் வைக்கும் ராஜசேகர் டிபன் பாக்ஸைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். "ஓடுனாலும் பயமா இருக்கு, நின்னாலும் பயமா இருக்கு. எப்பதாண்ணே சாப்பிடுறது?"

ஒரே நாளில் இரண்டு பொட்டி

ஒரு பாகத்தின் ரெசிபியில் எந்த வெர்ஷன் என்று எண்ணைக் குறிக்காமல், 'புதிதாக எது இருக்கிறதோ அதை எடு' என்று எழுதிவைத்திருந்தேன். புதுசு என்றால் நல்லதுதானே என்ற நினைப்பு. ஒருநாள் காலையில் கட்டியதும் மதியம் கட்டியதும் வேறு வேறாக வந்து நின்றன. நடுவில் எந்த ஊரிலோ ஒரு மகராசன் இரண்டு வரியை மாற்றியிருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, எங்கள் பொட்டி இருப்பதே அவனுக்குத் தெரியாது.

அதற்குள் நாற்பது பொட்டி குட்டைகளுக்குப் போயாச்சு. எதில் எது இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு குட்டைக்காரருக்கும் தினம் போன் போட்டு, ஓடுதா என்று விசாரிப்பதே என் பிழைப்பாகிவிட்டது. ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த ராஜசேகர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்: "வெர்ஷன்ங்கிற இடத்துல என்ன எழுதட்டும்ணே? கடவுள் துணைன்னு போட்டுடவா?"

பட்டு வேட்டி

எண்ணைக் குறித்துத் திருத்திய சாஃப்ட்வேர் தயாரான சமயம், மாமனாருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அங்கிருந்து பக்கத்தில்தான் அமல்ராஜ் அண்ணன் குட்டை. அவர் பொட்டிதான் அடிக்கடி ஹேங் ஆகிக்கொண்டிருந்தது. ஏதாவது ஆனால் ஓடிவிடலாமே என்று காலையில் முதலில் அவர் பொட்டிக்கு நெட் வழியாக அனுப்பினேன். அன்றைக்குப் பார்த்து அனுப்புவானேன் என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள்.

ஐந்து நிமிஷத்தில் அணைந்து மறுபடி ஆன்லைனுக்கு வர வேண்டிய பொட்டி வரவேயில்லை. வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லாவிட்டால் பகலிலேயே ஆக்சிஜன் இறங்கும். அவர் போனை எடுக்கவில்லை. குஞ்சு விட்டு எண்பது நாள், அறுவடை நெருங்கிவிட்டது. போன தடவை நோய் விழுந்து எல்லாம் போய், இதுவும் போனால் குத்தகையை விட்டுவிட்டு மறுபடி மஸ்கட்டுக்கே போவேன் என்று சொல்லியிருந்த மனுஷன். மாமனாருக்குக் கலசத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதே மச்சான் பைக்கை எடுத்துக்கொண்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிப் பறந்தேன். வழியெல்லாம் செத்த இறால்தான் கண்ணில் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுகொண்டேதான் ஓட்டினேன்.

நாலு ஏரேட்டரில் மூன்று நின்றுபோயிருந்தன. ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் பொட்டி செத்தபின் அது ஓட வழியே இல்லை. அமல்ராஜ் அண்ணன் பேனல் முன்னால் குந்தி, இரண்டாவதைச் சுவிட்சில் நேராக மாட்டிக்கொண்டிருந்தார். இறாலெல்லாம் அந்த ஒரு சக்கரத்துப் பக்கமாகவே ஒதுங்கியிருந்தது, உயிரோடு. நாலையும் ஓடவிட்ட பிறகு மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒன்று எப்படி ஓடியது என்று கேட்டேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தெனம் போன் பண்ணி, 'ஓடுதாண்ணே, ஓடுதாண்ணே'ன்னு கேட்டீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு தம்பி. செஞ்சவருக்கே நம்பிக்கை இல்லையேன்னு ஒண்ண மட்டும் உங்க பொட்டியிலேர்ந்து கழட்டி டைரக்டா போட்டுட்டேன்."

உலகத்து ஆட்களெல்லாம் எழுதிக் கொடுத்ததை அள்ளிப் போட்டு நான் கட்டிய பொட்டியில், கடைசியில் ஒழுங்காக வேலை செய்தது என் பயம் ஒன்றுதான்.